மட்டக்களப்பிலிருந்து வாட்சோ வரை: இரண்டு சின்ன விமானநிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

நோர்வேயின் வடக்கு முனையில், பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலை ஊர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அங்கே பிள்ளையையோ தம்பியையோ பார்க்கப் போகிறவர் மட்டக்களப்பில் விமானச்சீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணித்தியாலம் தம்பி?" என்பதுதான். வேலை பழக வருகிற பிள்ளைகள் உடனே இணையக் கணிப்பானில் மட்டக்களப்பு, பின்மார்க்கிலுள்ள வாட்சோ என்று இரண்டு ஊர்ப் பெயரையும் போடுவார்கள். ஏறத்தாழ 7,830 கிலோமீற்றர், ஒன்பதே முக்கால் மணித்தியாலம் என்று விடை வரும்.

தூரம் சரி. நேரத்தை நம்பி ஒருவரை வழியனுப்பக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து அந்த ஊர் வாசல் வரை உண்மையில் முப்பது மணிக்கு மேல் போகும். இந்த இரண்டு எண்ணும் ஏன் இவ்வளவு விலகுகின்றன, சரியான எண்ணுக்கு எந்த ஒழுங்கில் போவது என்பதுதான் கீழே உள்ளது. உதாரணம் மட்டக்களப்பும் வாட்சோவும். முறை எந்த இரண்டு சின்ன விமானநிலையங்களுக்கும் பொருந்தும்.

1. உட்கார முன் எடுத்து வைக்க வேண்டியவை

சைன், கோசைன் உள்ள ஒரு கல்குலேட்டர் போதும். உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் இருக்கும். இரண்டு விமானநிலையங்களின் குறியீடுகள், அவற்றின் அகலக்கோடு, நெடுங்கோடு, பயணத் திகதி, ஒரு தாள்.

திகதி தூரத்தை மாற்றாது. ஆனால் ஐரோப்பாவில் கோடைக்கும் மாரிக்கும் மணிக்கூட்டை மாற்றுகிறார்கள், விமான அட்டவணையும் அதோடு மாறும். "ஏதோ ஏப்ரல் போல" என்று வருகிறவரிடம் முதலில் ஒரு வாரத்தையாவது கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. ஊர்ப் பெயரை விடுங்கள், குறியீட்டைப் பிடியுங்கள்

மட்டக்களப்பு விமானநிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு பி.ரி.சி. அதை மட்டும் தேடினால் பிட்கொயின் விலை வந்து நிற்கும். 'விமானநிலையம்' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள், அல்லது நான்கெழுத்துக் குறியீடான வி.சி.சி.பி.யைப் போடுங்கள். அம்பாறைக்கு ஜீ.ஓ.வை. கல்லோயாவின் பெயரில் வந்த குறியீடு என்பதால், அம்பாறையின் எழுத்துக்களை வைத்து ஊகித்தால் கிடைக்காது.

கொழும்பு இதைவிடச் சிக்கல். கட்டுநாயக்கா சி.எம்.பி., இரத்மலானை ஆர்.எம்.எல். உள்ளூர்ச் சிறு விமானம் இரத்மலானையில் இறக்கிவிட்டு, சர்வதேச விமானம் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டால், நடுவே கொழும்பு வாகன நெரிசலைக் கடக்க வேண்டும். 'கொழும்பு' என்று மட்டும் எழுதி வைத்தால் அந்த இடைவெளி தாளில் தெரியவே தெரியாது.

வாட்சோ வி.டி.எஸ். அதற்குக் கிழக்கே, அதே குடாநாட்டை ஒட்டி வார்டோ என்று இன்னொரு ஊர். அது வி.ஏ.டபிள்யூ. பெயரைக் காதால் கேட்டு எழுதும்போது இந்த இரண்டும் மாறுவது சாதாரணம். உறவுக்காரரின் முகவரியை எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

3. ஆள்கூறுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் இடறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விமானத்துறை ஆவணங்கள் ஆள்கூறுகளைப் பாகை, கலை, விகலையாகத் தரும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. மட்டக்களப்பின் அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகை 42 கலை 21 விகலை வடக்கு. நெடுங்கோடு 81 பாகை 40 கலை 44 விகலை கிழக்கு. இதைப் பார்த்துப் பலர் 7.4221, 81.4044 என்று அடித்துவிடுகிறார்கள். அது தவறு. கலையை 60 ஆலும் விகலையை 3,600 ஆலும் பிரித்துப் பாகையோடு கூட்ட வேண்டும். 42-ஐ 60 ஆல் பிரித்தால் 0.7, 21-ஐ 3,600 ஆல் பிரித்தால் 0.0058. ஆக 7.7058. நெடுங்கோடும் அப்படியே 81.6789.

தவறான எண்ணைப் போட்டால் உங்கள் விமானநிலையம் அது இருக்கும் திமிலைதீவை விட்டுத் தென்மேற்கே 40 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, மகாஓயாப் பக்கம் போய்விடும். பலாலிக்கோ கொழும்புக்கோ கணக்குப் பார்க்கும்போது அது பெரிய பிழை. வாட்சோ போன்ற நெடுந்தூரத்தில் விடைக்குள் மறைந்துவிடும், கண்டுபிடிப்பதும் கடினம்.

இன்னும் இரண்டு கவனங்கள். கூகிள் வரைபடத்தில் அகலக்கோடு முதலில் வரும், சில மென்பொருள்களில் நெடுங்கோடு முதலில் வரும். மாற்றிப் போட்டால் மட்டக்களப்பு வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பிறகு, கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கு, கனடா மாதிரி, நெடுங்கோட்டுக்கு முன்னால் கழித்தல் அடையாளம் வேண்டும்.

4. முதலில் கிட்டிய தூரம் ஒன்றைக் கணக்கிட்டுக் கைபழகுங்கள்

கிட்டத்து ஊர்களுக்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. அகலக்கோட்டு வித்தியாசத்தை 60 ஆல் பெருக்கினால் வடக்கு–தெற்குத் தூரம் கடல் மைலில் வரும், ஏனென்றால் ஒரு பாகை அகலக்கோடு 60 கடல் மைல். நெடுங்கோட்டு வித்தியாசத்தையும் 60 ஆல் பெருக்கி, பிறகு நடு அகலக்கோட்டின் கோசைனால் பெருக்க வேண்டும். துருவத்தை நோக்கிப் போகப் போக நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவதால் இந்தப் பெருக்கல். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம்.

மட்டக்களப்பு–பலாலி: வடக்கே 125, மேற்கே 95 கடல் மைல். விடை 157 கடல் மைல். 1.852 ஆல் பெருக்கினால் 291 கிலோமீற்றர். மட்டக்களப்பு–இரத்மலானை 119 கடல் மைல், அதாவது 220 கிலோமீற்றர். தரைவழியே கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே இந்த விடை நம்பக்கூடியது. வான்வழி எண் தரைவழியைவிடக் கூட வந்தால் எங்கோ பிழை. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கடல் மைலையும் சாதாரண மைலையும் குழப்ப வேண்டாம். சாதாரண மைல் 1.609 கிலோமீற்றர்தான். வெளிநாட்டு இணையத்தளங்கள் இரண்டையும் வெறும் 'மைல்' என்று போட்டுவிடும்.

5. நெடுந்தூரத்துக்கு உருண்டையின் கணக்கு

மேலே சொன்ன குறுக்குவழியை வாட்சோவுக்குப் போட்டால் 8,250 கிலோமீற்றரை ஒட்டி வரும். உண்மையைவிட 400 கிலோமீற்றருக்கு மேல் கூட. பூமி தட்டை என்று வைத்துச் செய்த கணக்கு பலாலி வரை தாங்கும், ஆர்க்டிக் வரை தாங்காது.

சரியான முறை இது. இரண்டு அகலக்கோடுகளின் சைன்களையும் பெருக்கி ஓரிடத்தில் எழுதுங்கள். அகலக்கோடுகளின் இரண்டு கோசைன்களையும், நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனையும், மூன்றையும் பெருக்கி இன்னோரிடத்தில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகைக்கு நேர்மாறு கோசைன் (கல்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். அதை 60 ஆல் பெருக்கினால் கடல் மைல்.

வாட்சோ 70.0653 வடக்கு, 29.8447 கிழக்கு. நெடுங்கோட்டு வித்தியாசம் 51.83 பாகை. முதற் பெருக்கம் 0.1261, இரண்டாவது 0.2088, கூட்டினால் 0.3349 அளவில். கோணம் 70.44 பாகை. 4,226 கடல் மைல், ஏறத்தாழ 7,830 கிலோமீற்றர்.

கல்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருக்கிறதா என்று தொடங்க முன் பாருங்கள். எக்செலில் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது எப்போதும் ரேடியனையே எதிர்பார்க்கும், பாகையைக் கொடுத்தாலும் முறைப்பாடு சொல்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும்.

சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தும் பார்க்காதீர்கள். இந்த மிகக் குறுகிய பாதை மட்டக்களப்பிலிருந்து வடக்கிலிருந்து சற்றே மேற்காகக் கிளம்பி, வட இந்தியா, மத்திய ஆசியா, கசகஸ்தான், ரஷ்யா என்று போகும். தட்டை வரைபடத்துக் கோடு வேறு நாடுகளைக் காட்டும்.

6. தூரத்தைப் பறக்கும் நேரமாக மாற்றுதல்

நெடுந்தூர ஜெட் என்றால் கிலோமீற்றரை 830 ஆல் பிரித்து, அரை மணியோ நாற்பது நிமிடமோ கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அந்தக் கூட்டலுக்குள். அட்டவணையில் போடும் நேரமும் விமானம் நிற்குமிடத்தை விட்டுக் கிளம்பி அடுத்த நிற்குமிடம் சேரும் நேரம்தான், வானத்தில் இருந்த நேரம் மட்டும் அல்ல. செஸ்னா கரவன் போன்ற சிறு விமானம் என்றால் கடல் மைலை 165 ஆல் பிரித்துக் கால் மணி கூட்டுங்கள். மட்டக்களப்பு–இரத்மலானை அப்படி ஒரு மணித்தியாலம் வரும்.

மேற்கே போகும்போது எதிர்க்காற்று, கிழக்கே வரும்போது பின்காற்று. மாரிகாலத்தில் இது கூடும். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம் வந்தால் அட்டவணை பிழை என்று நினைக்க வேண்டாம்.

7. அந்தக் கோட்டில் விமானம் பறக்கிறதா?

கணிப்பான் இதைக் கேட்பதே இல்லை. இரண்டு புள்ளிக்கு இடையே கோடு இழுக்கும், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். 2018 இல் சர்வதேச விமானநிலையம் என்று அறிவிக்கப்பட்டாலும், எண்ணெய் நிரப்பி ஐரோப்பா போகும் பெரிய ஜெட் அதில் எழும்பாது. அம்பாறை ஓடுபாதை அதைவிடக் குட்டை. வாட்சோ பக்கமும் இதே கதை: அங்கே டாஷ் 8 என்ற சிறு விமானங்கள்தான், நம்மூர் பஸ் போலக் கரையோரத்து ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகும். போதாததற்கு, 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது.

ஆகவே கோட்டைத் துண்டுகளாக உடைக்க வேண்டும். டோஹா வழியே போனால்:

மட்டக்களப்பு–கட்டுநாயக்கா 206 கிலோமீற்றர் (வான்வழி அளவு, பெரும்பாலும் தரைவழியே போவோம்)
கட்டுநாயக்கா–டோஹா 3,610
டோஹா–ஒஸ்லோ 4,960
ஒஸ்லோ–கிர்க்கெனெஸ் 1,370
கிர்க்கெனெஸ்–வாட்சோ 38

மொத்தம் 10,180 கிலோமீற்றரை ஒட்டி வரும். நேர்கோட்டைவிட 2,350 கிலோமீற்றர் கூட. துபாய், இஸ்தான்புல் என்று மையம் மாறினால் எண்களும் மாறும், ஆனால் துண்டுகளின் வடிவம் இதுதான்.

கடைசித் துண்டைக் கொஞ்சம் பாருங்கள். கிர்க்கெனெஸும் வாட்சோவும் வராங்கர் என்ற நீண்ட கடற்குடாவின் இரண்டு கரையில். வான்வழியே 38 கிலோமீற்றர், மட்டக்களப்பு–அம்பாறை விமானநிலையங்களுக்கு இடையே உள்ள 41 கிலோமீற்றரைவிடவும் குறைவு. றோட்டால் போனால் நீரைச் சுற்றி 170 கிலோமீற்றர். "கிர்க்கெனெஸ் வரை எடுங்கள், அங்கிருந்து கிட்டத்தானே, கார் வரும்" என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். குளிர்காலத்தில் அது இரண்டரை மணிக்கு மேலான ஓட்டம். கரையோரக் கப்பலும் இருக்கிறது, ஆனால் அது வாட்சோவில் தொடுவது கிர்க்கெனெஸை நோக்கிப் போகும்போது மட்டும். திரும்பும் வழியில் வாட்சோவை விட்டுவிட்டு வார்டோவுக்குப் போய்விடும். வாட்சோவிலிருந்து திரும்பி வருகிறவருக்கு உதவும், போகிறவருக்கு உதவாது.

8. கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எல்லாரும் மட்டக்களப்பிலிருந்து தொடங்கி முன்னோக்கி அடுக்குவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு மிகக் குறைந்த விமானம் உள்ள துண்டு எதுவோ, அதை முதலில் தாளில் எழுதுங்கள். கட்டுநாயக்கா–டோஹா தவறினால் இன்னொன்று பிடிக்கலாம். வாட்சோ விமானம் தவறினால் அன்றிரவு ஹோட்டல், அந்த ஊர் விலையில்.

உதாரணத்துக்கு வைத்த நேரங்கள் இவை, அட்டவணை அல்ல. மாரிகாலம், ஞாயிறு பிற்பகல் 2.50க்குக் கிர்க்கெனெஸில் சிறு விமானம் கிளம்பி 3.20க்கு வாட்சோ சேரும் என்று வைப்போம். ஒஸ்லோ விமானம் 12.50க்குக் கிர்க்கெனெஸ் சேர வேண்டும், ஆகவே ஒஸ்லோவில் 10.50க்குக் கிளம்ப வேண்டும். ஒஸ்லோவில் மூன்று மணி இடைவெளி என்றால் டோஹா விமானம் காலை 7.50க்குள் தரையிறங்க வேண்டும். அது ஆறே முக்கால் மணிப் பயணம், எனவே ஒஸ்லோ நேரப்படி 1.05க்கு, அதாவது இரண்டு மணி முன்னால் இருக்கும் டோஹா நேரப்படி அதிகாலை 3.05க்குப் புறப்பாடு. அதற்கு மூன்று மணி முன்னால் டோஹா வந்து சேர, ஐந்து மணிப் பயணத்தையும் டோஹா நம்மைவிட இரண்டரை மணி பின்னால் இருப்பதையும் பார்த்தால், கட்டுநாயக்காவில் சனி இரவு 9.35க்குப் புறப்பாடு. அங்கே மூன்று மணி முன்னதாக நிற்க, மட்டக்களப்பில் சனி காலை 11.35க்கு வான் வண்டி கிளம்ப வேண்டும்.

வீட்டிலிருந்து வாட்சோ வரை 32 மணி 15 நிமிடம். இதே மணித்தியாலங்களை முன்னோக்கி அடுக்கி, "பின்னேரம் ஆறுக்கு வெளிக்கிட்டால் போதும்" என்று முடிவெடுத்தால், வாட்சோ சேரும் நேரம் ஞாயிறு இரவு 9.45 என்று வரும். அந்த நேரத்துக்குச் சிறு விமானம் இருக்கிறதா என்று அட்டவணையில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

9. தரையில் கழியும் நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள்

முப்பத்திரண்டே கால் மணியில் விமானத்துக்குள் இருப்பது பதினான்கு சொச்சம்தான். மிச்சம் முழுவதும் தரையில்.

மட்டக்களப்பு–கட்டுநாயக்காவுக்கு ஏழு மணித்தியாலம் போட்டிருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் அது போதாது. வெலிகந்தை, மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் றோட்டும் ரெயிலும் சேர்ந்தே நிற்கும். அந்த மாதங்களில் முதல்நாளே கிளம்பி நீர்கொழும்பில் தங்குவது நல்லது. ரெயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒன்றரை மணி தனியாகப் போட வேண்டும். மட்டக்களப்பிலிருந்து சிறு விமானம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதன் பெட்டி எடை எல்லையைக் கேட்டுவிட்டு எடுங்கள். முப்பது கிலோ மாசித்தூளும் மோர்மிளகாயும் கருவாடும் அதில் ஏறாது.

ஒஸ்லோவில் மூன்று மணிக்குக் காரணம் இருக்கிறது. நோர்வேக்குள் நுழையும் முதல் இடம் அதுதான். குடிவரவு வரிசை, 2025 ஒக்டோபரில் தொடங்கிய விரலடையாளப் பதிவு, பிறகு பல பயணங்களில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து உள்ளூர் விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்கும் வேலை. கட்டுநாயக்காவில் "பெட்டி கடைசி வரை போகும்" என்று ஒட்டினாலும், ஒஸ்லோவில் எடுக்க வேண்டுமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.

10. மணிக்கூட்டைக் கடைசியில் மட்டும் தொடுங்கள்

இலங்கை நேரம் வருடம் முழுக்க மாறாது. நோர்வே மாரியில் நம்மைவிட நாலரை மணி பின்னால், கோடையில் மூன்றரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள்.

ஒவ்வொரு துண்டிலும் நேரத்தை மாற்றி மாற்றி எழுதினால் எங்கோ ஒரு மணி விழுந்துவிடும். எல்லாத் துண்டையும் இலங்கை நேரத்திலேயே கூட்டி முடித்துவிட்டு, கடைசி விடையில் ஒரே தடவை கழியுங்கள். மேலே உள்ள கணக்கில் சேரும் நேரம் இலங்கையில் ஞாயிறு இரவு 7.50. நாலரை கழித்தால் அங்கே பிற்பகல் 3.20. முதலில் வந்த விடையோடு பொருந்துகிறது, ஆகவே நடுவில் ஒன்றும் விழவில்லை.

சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழித்து, "டோஹாவுக்கு இரண்டரை மணிதானே" என்று சொல்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

11. காசு கட்ட முன் ஒரு கேள்வி

எல்லாத் துண்டும் ஒரே பதிவிலக்கத்தில் இருக்கிறதா? ஒரே பதிவு என்றால் டோஹா விமானம் பிந்தினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு. கடைசி இரண்டு துண்டையும் மலிவுக்காகத் தனியாக வாங்கினால், பிந்துகிற ஒவ்வொரு நிமிடமும் பயணியின் கணக்கில். தனித்தனியாக வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒஸ்லோவில் ஓர் இரவைத் திட்டத்திலேயே போட்டு, அந்த ஹோட்டல் காசையும் கூட்டி விலையை ஒப்பிடுங்கள். முக்கால்வாசி நேரம் மலிவு காணாமல் போய்விடும்.

பின்மார்க்கில் பனிப்புயலுக்குச் சிறு விமானம் ரத்தாவது வழக்கமான விஷயம். அதனால் வாட்சோவில் காத்திருப்பவருக்கு "மூன்று இருபதுக்கு வருவார்" என்று சொல்லி அனுப்ப வேண்டாம். விமான இலக்கத்தை அனுப்புங்கள், மிச்சத்தை அவர் தன் போனில் பார்த்துக்கொள்வார்.